பழைய களஞ்சியத்தில் தங்கிவிட்ட கமிட்டுகளைப் புதிய, சிறிய களஞ்சியத்துக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி

காரைக்குடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, செட்டிநாட்டு வீடுகளின் தரை, கதவு, தூண் ஆகியவற்றை ஆவணப்படுத்தும் இணையதளம் ஒன்றை நடத்தி வருகிறோம். அதன் பக்கங்களும் நிரல்களும் ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள் கிட்; அந்த வரலாற்றின் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். தொடக்கத்தில், களஞ்சியத்துக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்ற தெளிவு எங்களுக்கு இல்லை. ஆத்தங்குடித் தரைக்கற்களின் மூலப்படங்களை, ஒவ்வொன்றும் 60 எம்பி, 80 எம்பி அளவுள்ள டிஃப் வகைப் படக்கோப்புகளாக, அப்படியே கமிட் செய்துவிட்டோம். பின்னர் அவற்றை நீக்கியும் களஞ்சியம் 7 ஜிபியிலிருந்து இறங்கவில்லை. கானாடுகாத்தானிலிருந்து எங்களோடு வேலை செய்பவருக்கு ஒருமுறை கிளோன் செய்து, அதாவது முழு நகல் இறக்கி, முடிக்க இரவு முழுவதும் ஆனது. ஆகவே பழையதை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, படங்கள் இல்லாத 38 எம்பி அளவுள்ள புதிய களஞ்சியத்தைத் தொடங்கினோம்.

அப்போதுதான் என் மடிக்கணினியில் இன்னும் புஷ் செய்யாத, அதாவது பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பாத, 23 கமிட்டுகள் இருப்பது நினைவுக்கு வந்தது. அவற்றைப் பழைய களஞ்சியத்துக்கு அனுப்பப் பயனில்லை. புதியதற்கு நேரடியாக அனுப்பவும் வழியில்லை. இதே நிலையில் இருப்பவர்கள், செய்த வேலையையும் இழக்காமல், பழைய சுமையையும் புதிய இடத்துக்கு ஏற்றிவிடாமல், கமிட்டுகளை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றை உரிய ஆங்கிலச் சொற்களாக, சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். கிளைகளின் (தனித்தனியே வளரும் வேலை வரிசைகளின்) பெயரும் கோப்புறைகளின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம், கிட் அதற்குத் தடை சொல்வதில்லை.

கமிட்டை ஏன் அப்படியே தூக்கிச் செல்ல முடியாது

இதைப் புரிந்துகொண்டால்தான் பின்வரும் படிகளுக்குக் காரணம் விளங்கும். கடைக் கணக்கு எழுதியவர்களுக்குப் பேரேட்டின் வழக்கம் தெரியும்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முன்பக்கத்துக் கூட்டுத்தொகையை ஏற்றி எழுதிவிட்டுத்தான் அன்றைய பற்றுவரவை எழுதத் தொடங்குவார்கள். நடுவில் ஒரு பக்கத்துத் தொகை மாறினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பக்கங்களின் தலைத்தொகையும் மாறும். கிட் கமிட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் 40 இலக்க ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை, தன்னுள்ளே எழுதி வைத்திருக்கிறது. அதன் சொந்த ஹாஷ் அதையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே முன்னோர் மாறினால் பின்வந்தவை அனைத்தும் புதிய கமிட்டுகளாகிவிடுகின்றன.

கோப்பை நீக்கியும் களஞ்சியம் சிறுக்காததற்கும் இதுவே காரணம். நீக்கும் கமிட் வரலாற்றின் கடைசியில் சேருகிறதே தவிர, அந்தப் படத்தை உள்ளே கொண்டுவந்த பழைய கமிட் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அது இருக்கும்வரை படமும் இருக்கும். என் 23 கமிட்டுகளும் அந்த நீண்ட சங்கிலியின் நுனியில் தொங்கியவை. அவற்றை அதே ஹாஷோடு புதிய களஞ்சியத்துக்குள் கொண்டு வந்தால், சங்கிலி முழுவதும், அதன் 7 ஜிபியும், கூடவே வந்துவிடும். எனவே சுமக்க வேண்டியது கமிட்டை அல்ல, அந்தக் கமிட் செய்த மாற்றத்தை. பழைய பேரேட்டைத் தைத்துச் சேர்க்காமல், சிட்டையில் உள்ள பதிவுகளை மட்டும் எடுத்துப் புதிய பேரேட்டில் புதிய இருப்பின்மேல் பதிவது போன்ற வேலை இது. ஹாஷ் மாறும், எழுதியவர் பெயர், எழுதிய தேதி, செய்தி, மாற்றம் ஆகியவை மாறாமல் வரும்.

முதலில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

பழைய களஞ்சியத்தின் கோப்புறைக்குள் சென்று, தொலைவில் உள்ள (கிட் ஆரிஜின் என்று அழைக்கும்) களஞ்சியத்தின் நிலையை ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட் ஃபெட்ச் ஆரிஜின்

பிறகு, எந்தத் தொலைக் கிளையிலும் இல்லாமல் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கமிட்டுகளைப் பட்டியலிடுங்கள்.

கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ் --ஒன்லைன்

இந்தக் கட்டளை நீங்கள் நிற்கும் கிளையை மட்டுமன்றி எல்லா உள்ளூர்க் கிளைகளையும் பார்க்கிறது. நான் 23 என்று நினைத்தது, இதை ஓட்டிய பிறகு 26 ஆனது. மரக்கதவுகளின் செதுக்கலைப் பற்றி நான்கு மாதங்களுக்கு முன் தொடங்கி மறந்துபோன கிளை ஒன்றில் மூன்று கமிட்டுகள் இருந்தன.

கமிட் செய்யாமல் தற்காலிகமாக ஸ்டாஷில் ஒதுக்கி வைத்தவை இந்தப் பட்டியலில் வாரா. கிட் ஸ்டாஷ் லிஸ்ட் என்று தட்டிப் பாருங்கள். ஏதேனும் இருந்தால், கிட் ஸ்டாஷ் பிராஞ்ச் என்பதோடு ஒரு புதிய பெயரைச் சேர்த்துத் தட்டினால் அது ஒரு கிளையாக வெளியே வரும். அங்கே கமிட் செய்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டாஷ் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது அவசியம், ஏனெனில் அடுத்துச் செய்யப்போகும் காப்பு நகலில் கடைசி ஸ்டாஷ் மட்டுமே சேரும். கிட் கண்காணிக்காத கோப்புகள், கடவுச்சொல் போன்றவற்றை வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகள், ஹுக்குகள் (கிட் தானாக ஓட்டும் சிறு நிரல்கள்) ஆகியவையும் கமிட்டோடு வருவதில்லை. அவற்றைக் கையால் நகலெடுக்க வேண்டும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு திருத்தத்தைச் செய்துகொள்வது நல்லது. இயல்பான அமைப்பில் கிட் தமிழ்ப் பெயர்களை 340, 256 என்று சாய்கோடுகளோடு எண்களாகக் காட்டும். கோர் புள்ளி குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் பெயர்கள் படிக்கும்படி தெரியும்.

காப்பு நகல் எடுத்த பிறகே அடுத்த வேலை

இனிச் செய்யப்போவதில் ஒரு படி உங்கள் கமிட்டுகளைத் திருத்தி எழுதும். ஆகவே முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் பண்டில் கிரியேட் ../பழைய-தளம்.பண்டில் --ஆல்
கிட் பண்டில் வெரிஃபை ../பழைய-தளம்.பண்டில்

இந்தக் கோப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கிளோன் செய்ய முடியும். இதை வெளி வட்டு ஒன்றில் வையுங்கள்.

பழைய வீட்டிலேயே சிக்கலை அவிழ்த்துவிடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள். பிறகு புதிய களஞ்சியத்தில் முரண்பாடுகளோடு மல்லாடுகிறார்கள். என் அனுபவத்தில் மொத்த வேலையிலும் மிகவும் பயன்பட்டது இதுதான்.

புதிய களஞ்சியம் பெரும்பாலும் பழையதன் ஒரு குறிப்பிட்ட நிலையிலிருந்து, அதாவது பழையதை நிறுத்திய அன்றைய கடைசிக் கமிட்டிலிருந்து, தொடங்கப்பட்டிருக்கும். உங்கள் கமிட்டுகளோ அதற்குப் பல வாரங்கள் முந்தைய நிலையின்மேல் எழுதப்பட்டிருக்கலாம். இடையில் மற்றவர்கள் செய்த மாற்றங்களோடு உங்களுடையது மோதினால், அதைத் தீர்ப்பதற்கு இரு தரப்பின் முழு வரலாறும் தேவை. அது பழைய களஞ்சியத்தில்தான் இருக்கிறது. ஆகவே அங்கேயே, நிறுத்தப்பட்ட கடைசிக் கமிட்டின்மேல் உங்கள் கிளையை மறுபடி அடுக்குங்கள். என் கிளையின் பெயர் தரை.

கிட் செக்அவுட் தரை
கிட் ரீபேஸ் ஆரிஜின்/மெயின்

என் பதினோராவது கமிட்டில் இந்த ரீபேஸ் நின்றது. ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படுகின்றன என்று எங்கள் பக்கமொன்றில் தவறாக இருந்தது. உண்மையில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட்டை அச்சுக்குள் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் இட்டு அழுத்தி, பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. அதை நான் திருத்தியிருந்தேன். அதே பத்தியைத் தேவகோட்டையில் உள்ள எங்கள் தோழரும் வேறு சொற்களில் திருத்தி, எனக்கு முன்பே புஷ் செய்திருந்தார். பழைய களஞ்சியத்தில் அவருடைய கமிட் செய்தி, அதற்கு முந்தைய வடிவம், நான் எழுதியது ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்ததால், ஐந்து நிமிடத்தில் இரண்டையும் இணைத்துவிட்டேன். புதிய களஞ்சியத்தில் இதே மோதல் வந்திருந்தால் அவருடைய காரணம் எனக்குத் தெரிந்திருக்காது.

ரீபேஸினால் இன்னொரு நன்மையும் உண்டு. அடுத்துப் பயன்படுத்தப்போகும் கட்டளை, மெர்ஜ் கமிட்டுகளை, அதாவது இரு கிளைகளை இணைத்த கமிட்டுகளை, பேட்சாக (மாற்றத்தை மட்டும் எழுதிய கோப்பாக) எழுதாமல் விட்டுவிடும். மெர்ஜ் செய்யும்போது நீங்கள் கையால் தீர்த்த முரண்பாடுகள் அதோடு தொலைந்துபோகும். இயல்பான ரீபேஸ் மெர்ஜுகளை நீக்கி நேர்கோடாக அடுக்கிவிடுவதால், அந்தத் தீர்வுகளை அப்போதே உரிய கமிட்டுக்குள் சேர்த்துவிடலாம்.

மாற்றங்களைப் பேட்சுகளாக எழுதுதல்

கிட் ஃபார்மேட்-பேட்ச் -ஓ ../பேட்சுகள் ஆரிஜின்/மெயின்..தரை

ஒவ்வொரு கமிட்டும் 0001, 0002 என்று எண்ணிட்ட தனிக் கோப்பாக வெளிவரும். கமிட்டின் தலைப்பு வரியிலிருந்துதான் கோப்புப் பெயர் உருவாகிறது. ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் இடம்பெறுவதில்லை. தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு எண் மட்டுமே மிஞ்சும். உள்ளே செய்தி முழுமையாக இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

இப்போது பேட்சுக் கோப்புகளின் அளவைப் பாருங்கள். எழுத்துத் திருத்தம் சில கேபிக்குமேல் போகாது. ஏதேனும் ஒன்று பல எம்பி அளவில் இருந்தால், அந்தக் கமிட்டில் படமோ வேறு இருமக் கோப்போ ஒளிந்திருக்கிறது என்று பொருள், ஏனெனில் இருமக் கோப்புகளையும் கிட் எழுத்து வடிவமாக மாற்றிப் பேட்சுக்குள் வைத்துவிடுகிறது. என் 23 பேட்சுகளில் ஒன்று 91 எம்பி இருந்தது. இரணியூர்க் கோயில் மண்டபத்தின் படம் ஒன்றை அவசரத்தில் சேர்த்திருந்தேன். புதிய களஞ்சியம் தொடங்கிய நோக்கமே அந்த ஒரு கோப்பால் கெட்டிருக்கும். பெரிய கோப்புகள் ஒரே கோப்புறையில் இருந்தால், பழைய பேட்சுகளை அழித்துவிட்டு, களஞ்சியத்தின் மேல்நிலைக் கோப்புறையில் நின்று, அந்தக் கோப்புறையை விலக்கி மறுபடி எழுதலாம்.

கிட் ஃபார்மேட்-பேட்ச் -ஓ ../பேட்சுகள் ஆரிஜின்/மெயின்..தரை -- . ':!மூலப்படங்கள்'

படத்தை மட்டும் சேர்த்த கமிட்டுகள் இதில் விடுபடும். படமும் எழுத்தும் கலந்தவற்றில் எழுத்துப் பகுதி மட்டும் வரும். பழைய களஞ்சியத்தின் ஒரு கோப்புறை மட்டும் புதியதில் முழுக் களஞ்சியமாக ஆகியிருந்தால், --ரிலேடிவ் என்ற தேர்வோடு அந்தக் கோப்புறையின் பெயரைத் தருவது போதும். பாதைகள் அதற்கேற்பச் சுருங்கிவிடும்.

புதிய களஞ்சியத்தில் ஏற்றுதல்

புதியதைக் கிளோன் செய்து உள்ளே செல்லுங்கள். பழைய இடத்தில் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் பெயரும் மின்னஞ்சலும் அமைத்திருந்தால், இங்கே மறுபடி அமைக்க வேண்டும். பிறகு தனிக் கிளை ஒன்றைத் தொடங்கி அதில் ஏற்றுங்கள். நேராக மெயின் கிளையில் ஏற்றினால், ஏதேனும் தவறும்போது பின்வாங்குவது சங்கடம்.

கிட் செக்அவுட் -பி தரை
கிட் ஏஎம் --3வே --கீப்-நான்-பேட்ச் ../பேட்சுகள்/*.பேட்ச்

இரண்டாவது தேர்வை நான் முதல்முறை கொடுக்கவில்லை. எங்கள் குழுவில் ஒவ்வொரு கமிட் செய்தியையும் ஊர்ப்பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டுத் தொடங்குவது வழக்கம்: [ஆத்தங்குடி] கல் ஊறவைக்கும் பகுதி திருத்தம், [கானாடுகாத்தான்] முகப்புத் தூண்களின் அளவு என்பதுபோல. கிட் ஏஎம் கட்டளை, தலைப்பு வரியின் தொடக்கத்தில் உள்ள சதுர அடைப்புகளை எல்லாம் தான் சேர்த்த பேட்ச் எண்ணாகக் கருதி வெட்டிவிடுகிறது. 23 கமிட்டுகளும் சரியாக ஏறின. 23 ஊர்ப்பெயர்களும் காணாமல் போயின. ஊர்ப்பெயரை வைத்தே நாங்கள் வரலாற்றைத் தேடுவதால், கிளையை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தேர்வைக் கொடுத்தால் பேட்ச் என்ற சொல் உள்ள அடைப்பு மட்டும் நீங்கும், மற்றவை தங்கும்.

இதுபோன்ற இன்னொன்றும் உண்டு. கமிட் செய்தியின் நடுவே மூன்று சிறுகோடுகள் மட்டுமே கொண்ட வரி இருந்தால், செய்தி அங்கேயே முடிந்துவிட்டது என்று ஏஎம் கருதும். அதற்குக் கீழ் உள்ளவை செய்தியில் சேரா. செய்திக்குள் பிரிப்புக்கோடு இடும் பழக்கம் உள்ளவர்கள் பேட்சுக் கோப்பைத் திறந்து அந்த வரியை மாற்றிவிடுங்கள்.

--3வே என்ற தேர்வு ஏன் என்று சொல்ல வேண்டும். பேட்சில் உள்ள வரிகள் புதிய கோப்போடு நேரடியாகப் பொருந்தாதபோது, கிட் அந்தக் கோப்பின் பழைய வடிவத்தைத் தேடி எடுத்து மூவழி இணைப்பு செய்து பார்க்கும். கமிட்டின் ஹாஷ் முன்னோரைப் பொறுத்தது என்று மேலே சொன்னேன்; ஆனால் கோப்பின் உள்ளடக்கத்துக்கான பிளாப் ஹாஷ் உள்ளடக்கத்தை மட்டுமே பொறுத்தது. ஆகவே ஒரே கோப்பு இரு களஞ்சியங்களிலும் இருந்தால் அதற்கு ஒரே ஹாஷ்தான், கிட் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. தேவையான பிளாபுகள் இல்லை என்ற செய்தி வந்தால், உங்கள் பேட்ச் எழுதப்பட்ட அடிப்படை நிலை புதிய களஞ்சியத்தில் இல்லை என்று பொருள். மேலே சொன்ன ரீபேஸைச் செய்தவர்களுக்கு இது அநேகமாக வராது.

ஏதேனும் ஒரு பேட்சில் நின்றால், கோப்பைத் திருத்தி, கிட் ஆட் செய்து, கிட் ஏஎம் --கன்டினியூ என்று தொடருங்கள். முழுவதையும் கைவிட்டுத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப --அபார்ட். ஒரு பேட்சை மட்டும் விட --ஸ்கிப்; ஆனால் எதை விட்டீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய தேதி மாறாமல் வரும் என்றாலும், கமிட் செய்த தேதி இன்றைய தேதியாகிவிடும். அதுவும் பழையபடி இருக்க வேண்டுமானால் --கமிட்டர்-டேட்-இஸ்-ஆத்தர்-டேட் என்பதைச் சேர்க்கலாம். நான் சேர்க்கவில்லை; இந்தக் கமிட்டுகள் புதிய இடத்துக்கு எப்போது வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்றே நினைக்கிறேன். டிஜிட்டல் கையொப்பம் இட்ட கமிட்டுகளாக இருந்தால் அந்தக் கையொப்பம் வராது, மறுபடி இட வேண்டும்.

வந்தது சரியா என்று பார்த்தல்

கமிட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. கோப்புறைக்கும் கிட் ஒரு ஹாஷ் வைத்திருக்கிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். எங்கள் எழுத்துகள் எல்லாம் பக்கங்கள் என்ற கோப்புறையில் இருப்பதால், இந்தக் கட்டளையை இரு களஞ்சியங்களிலும் ஓட்டினேன்.

கிட் ரெவ்-பார்ஸ் தரை:பக்கங்கள்

இரண்டிலும் ஒரே 40 இலக்கம் வந்தது. கடைசிப் புள்ளிவரை உள்ளடக்கம் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை. புதிய களஞ்சியத்தில் மற்றவர்கள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தால் இந்த இலக்கங்கள் ஒத்துப்போகா. அப்போது உங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

அடுத்து அளவு.

கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்

இதில் வி சிறிய எழுத்து, எச் பெரிய எழுத்து. சைஸ் என்றும் சைஸ்-பேக் என்றும் வரும் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். ஏற்றியவை பொதியாமல் தனியாகக் கிடக்கும்வரை முதல் எண்ணில்தான் சேரும். சில எம்பிக்குமேல் உயர்ந்திருந்தால், புஷ் செய்வதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். புஷ் ஆன பிறகு ஒரு பெரிய கோப்பை வெளியே எடுப்பது குழுவில் உள்ள அனைவருடைய வேலையையும் தொடும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் தானே மறுத்துவிடும் என்றாலும், 80 எம்பி படத்தை எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளும்.

மெர்ஜுகளோடுதான் வரலாறு வேண்டும் என்பவர்கள், பழைய களஞ்சியத்தைப் புதியதில் ரிமோட்டாகச் (தொலைக் களஞ்சியமாகச்) சேர்த்து, --ஆன்டூ, --ரீபேஸ்-மெர்ஜஸ் என்ற தேர்வுகளோடு ரீபேஸ் செய்யலாம். ஆனால் ஃபெட்ச் செய்த உடனேயே அந்தக் கிளையின் முழு வரலாறும் உங்கள் கணினிக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பழைய கிளை ஒன்றையோ பழைய டேக் ஒன்றையோ தவறிப் புஷ் செய்தால், எல்லாச் சுமையும் புதிய களஞ்சியத்துக்குப் போய்விடும். அன்ரிலேட்டட் ஹிஸ்டரிஸை (தொடர்பற்ற வரலாறுகளை) அனுமதிக்கும் தேர்வோடு இரண்டையும் மெர்ஜ் செய்வதும் இதே விளைவைத் தரும். அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சில பத்துக் கமிட்டுகளுக்குப் பேட்ச் வழியே பாதுகாப்பானது, ஏனெனில் அதில் இரு களஞ்சியங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

எல்லாம் சரியென்றால் கிளையைப் புஷ் செய்து, வழக்கம்போல் குழுவினரின் பார்வைக்கு வையுங்கள். பிறகு பழைய கோப்புறைக்கு ஒருமுறை திரும்பிச் சென்று, பழக்கத்தில் அங்கே புஷ் செய்துவிடாதபடி அடைத்துவிடுங்கள்.

கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --புஷ் ஆரிஜின் மூடப்பட்டது

கடைசிச் சொல் எந்த முகவரியும் அல்ல. அதனாலேயே புஷ் தோற்றுப்போகும், ஃபெட்ச் மட்டும் வேலை செய்யும். மறந்துபோன அந்தக் கதவுக் கிளையின் மூன்று கமிட்டுகளையும் இதே வழியில் மறுநாள் கொண்டு வந்தேன். அதன்பின் வேறொரு கணினியில் புதிய களஞ்சியத்தைக் கிளோன் செய்து, தளத்தை ஒருமுறை கட்டிப் பார்த்த பிறகே மடிக்கணினியிலிருந்த 7 ஜிபி கோப்புறையை அழித்தேன். பண்டில் கோப்பு வெளி வட்டில் இருக்கிறது.